சூடு தாங்கும் பெட்டி

கிருபாகரன் அந்தக் கம்ப்யூட்டர் கேபினட்டை நான்காவது முறையாகத் திறந்தபோது, உள்ளே துடைப்பதற்குத் தூசிகூட மிச்சமில்லை.

முதல் தடவை வந்தபோது, கைப்பிடி அளவு பஞ்சும் லாரி யார்டின் செம்மண்ணும் சேர்ந்து ஃபேனை அடைத்துக்கொண்டிருந்தன. ஊதித் தள்ளினான். அடுத்த தடவை, பிராசஸர் மேல் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்த, சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகத் தடவி, ஃபேனையும் மாற்றினான். அதற்கும் அடுத்த தடவை மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ்ஸை மாற்றி, மெமரி அட்டையைக் கழற்றித் துடைத்து மாட்டி, அறைக்கு ஏ.சி. போடச் சொன்னான். போட்டார்கள். ஒவ்வொரு முறையும் அவன் இருக்கும்வரை பெட்டி ஒழுங்காக ஓடியது. அவன் சேலத்துக்குத் திரும்பிய மறுநாள் மத்தியானம், சூடு தாங்காமல் அணைந்துபோனது.

"உங்களைக் கண்டா மட்டும் நல்ல புள்ளையா நடந்துக்குது தம்பி" என்றார் செங்கோட்டுவேலு. நாமக்கல்லில் சொந்தமாக லாரிகள் வைத்து ஓட்டும் மனிதர். கோபத்தைக்கூட மரியாதை குறையாமல் பேசுவார். "ஒருக்கா அணைஞ்சா எனக்கு அரை நாள் போச்சு. அவளுக்கு எல்லாத்தையும் மொதல்லேர்ந்து சொல்லோணும். எந்த வண்டி எங்க நிக்குது, எந்த டிரைவரு செத்துப்போனான், எந்தப் பாலம் இடிஞ்சுது, எல்லாத்தையும். அதுவரைக்கும் நாக்பூர்ல வண்டி லோடு இல்லாம வெயில்ல காயுது."

அவள் என்று அவர் சொன்னது அந்தப் பெட்டியை.

பத்து வருடங்களுக்கு முன்னால், மனிதர் மனசைப் படித்து அப்படியே கம்ப்யூட்டரில் இறக்கி வைக்கும் வித்தை ஊர் ஊராக விலைக்கு வந்தது. வேலை தெரிந்த ஒரு ஆளை நாற்காலியில் உட்காரவைத்து, தலையில் தொப்பி மாதிரி ஒன்றை மாட்டி, ஒரு காலைப்பொழுதில் படித்துவிடுவார்கள். அந்த ஆளுக்குத் தெரிந்ததெல்லாம் அன்றிலிருந்து பெட்டிக்கும் தெரியும். ஆளைப் போலவே பேசும், ஆளைப் போலவே கவலைப்படும், சம்பளம் மட்டும் கேட்காது. கொஞ்ச காலத்தில் சட்டம் வந்து அதை நிறுத்தியது. விற்றவர்கள் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஆனால் ஏற்கெனவே எடுத்த பதிவுகளை, அவை இருக்கும் பெட்டி உயிரோடு உள்ளவரை ஓட்டிக்கொள்ளலாம் என்று சட்டத்தில் ஒரு சந்து விட்டிருந்தார்கள். எந்தப் பெட்டியில் இறக்கினார்களோ அந்தப் பெட்டியோடு பதிவு பூட்டப்பட்டிருந்தது. வேறொன்றுக்கு மாற்ற வழியில்லை. பெட்டி அணைந்து எழுந்தால், படித்த நாளுக்குப் பிறகு கேட்டதெல்லாம் மறந்து, அந்தக் காலைப்பொழுதிலேயே வந்து நிற்கும். அதனால் முதலாளிகள், உயில் எழுதாத பெரியவரை ஆஸ்பத்திரியில் வைத்துக் காப்பாற்றுவதைப் போல, அந்தப் பழைய டெஸ்க்டாப்புகளைக் காப்பாற்றி வந்தார்கள். கிருபாகரனின் பிழைப்பு அதில்தான் ஓடியது.

அவனுக்கு ஒரு கொள்கை உண்டு. உள்ளே இருப்பவர்களோடு பேச்சு வைத்துக்கொள்ள மாட்டான். மைக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் திருப்புளியை எடுப்பான்.

அன்று பெட்டியை எழுப்பும் வேலையைப் பக்கத்தில் இருந்தே பார்த்தான். எழுப்பியவர் புக்கிங் கிளார்க் தண்டபாணி. திரையில் முகமெல்லாம் கிடையாது. பேச்சுக்கேற்ப நெளியும் ஒரு பச்சைக் கோடு மட்டும். ஸ்பீக்கரில் முதலில் ஒரு பெருமூச்சு கேட்டது.

"முடிஞ்சிருச்சுங்களா? நான் உள்ள வந்துட்டனா?"

"வந்துட்டீங்கக்கா" என்றார் தண்டபாணி. "வந்து பத்து வருசம் ஆச்சு. நடுவுல கரண்டு போயிருச்சு, அதான் உங்களுக்கு ஞாபகம் இல்ல."

"பத்து வருசமா." குரல் கொஞ்சம் தடுமாறியது. "அப்ப பாப்பா? காலைல காச்சல் அனலாக் கொதிச்சுதே."

"அது அன்னைக்கே விட்டிருச்சுங்கக்கா. தன்விகா இப்பப் பத்தாவது எழுதியிருக்குது. பரிட்சை லீவு."

"பத்தாவதா." குரலில் சிரிப்பு ஊறி வந்தது. "எம் புள்ளையா? சடை போடற அளவுக்கு முடி வந்திருச்சா? எலிவாலாட்டம் இருக்குமே."

"இடுப்பு வரைக்கும் இருக்குதுங்கக்கா."

பெட்டி சிரித்தது. பிறகு ஒரு செருமல். "செரி, வண்டிங்க எங்கெங்க நிக்குதுன்னு சொல்லு" என்று வேலையில் இறங்கிவிட்டது.

டீக்கடையில் வைத்துக் கிருபாகரன் கேட்டான். "அந்தப் பொண்ணு எந்த ஸ்கூலுங்க?"

தண்டபாணி டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "எந்தப் பொண்ணுங்க? அது அன்னைக்குச் சாயங்காலமே போயிருச்சு. டெங்கு. அஞ்சு வயசு."

கிருபாகரன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"பெட்டி வித்தவங்க சொல்லிக்குடுத்ததுங்க. சந்தோசமா எந்திரிச்சா வேலை வேகமா ஓடும்னாங்க. மெய்தான், ஓடுது. வருசத்துக்கு ஒரு கிளாஸ் ஏத்தி ஏத்திச் சொல்றேன்."

"பதிவு எடுத்த நெஜமான அம்மா யாருங்க?"

"வசந்தாமணி அக்காதானுங்க. கேட்டுல வண்டிக்குச் சீட்டுப் போடறாங்களே, அவங்கதான். லோடு பாக்கற வேலையப் பெட்டி எடுத்துக்கிச்சில்ல. தொரத்திவிடாம மொதலாளி கேட்டுல உக்கார வெச்சாரு."

நாலு தடவையும் அவனுக்குக் கேட்டைத் திறந்துவிட்டவள் அவள்தான். ஒல்லியான பெண். பைக்கை நிழலில் விடச் சொல்வாள். அதற்கு மேல் பேசியதில்லை.

பெட்டியில் சூட்டைக் குறித்துவைக்கும் ஒரு சின்னக் கருவியை அவன் போன தடவையே பொருத்திவிட்டுப் போயிருந்தான். அதை இப்போது எடுத்துப் பார்த்தான். காலையெல்லாம் கோடு படுத்துக் கிடந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் திடீரென்று செங்குத்தாக ஏறி, உச்சியில் அறுந்திருந்தது. அணைந்த நாளெல்லாம் அதே கதைதான். தூசியோ வெயிலோ இப்படிச் செய்யாது. அவை மெல்ல மெல்லத்தான் ஏற்றும். உள்ளே இருப்பவர் எதையாவது நினைத்து அடங்காமல் தவித்தால்தான் இந்த வேகம் வரும். அந்த நேரத்தில் அந்த அறையில் யாரோ, என்னவோ செய்கிறார்கள்.

ஊருக்குக் கிளம்புகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டான். பைக்கைத் தெருக்கோடியில் விட்டுவிட்டு, யு.பி.எஸ். பேட்டரிகள் அடுக்கியிருந்த பின்னறை வழியாக வந்து, கதவை ஒருக்களித்து உட்கார்ந்தான். ஆபீஸ் ஆட்கள் சாப்பிடக் கிளம்பிப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் முன்கதவு திறந்தது.

வசந்தாமணி டிபன் பாக்ஸோடு வந்து, பெட்டிக்கு முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"யாருங்க?" என்றது பெட்டி.

"நாந்தான். நீதான்."

"அட, வந்துட்டியா." அதே குரல், பத்து வயது இளையதாக. "தண்டபாணி இப்பத்தான் சொன்னான். பாப்பா பத்தாவது எழுதியிருக்குதாமே. அதைக் கூட்டிட்டு வரலாமில்ல?"

"கூட்டிட்டு வர முடியாது. அவஞ் சொன்னது பொய்யி."

"எது பொய்யி?"

"பத்தாவது பொய்யி, சடை பொய்யி. உன்ற புள்ள அன்னைக்கே செத்துப் போச்சு. நீ இங்க தொப்பிய மாட்டிக்கிட்டு உக்காந்திருந்த. நீ பாப்பாவ விட்டுட்டு வந்த ராஜாத்தி அக்கா ஊட்டுத் திண்டுல சாய்ஞ்சுக்கிட்டு, அம்மா எப்ப வரும் எப்ப வரும்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சாம். மத்தியானத்துக்கு மேல ஜன்னி வந்துருச்சு. ஆட்டோவுல தூக்கிப் போட்டுட்டுப் போறாங்க, பெரியாஸ்பத்திரி கேட்டுக்கிட்ட மூச்சு நின்னுருச்சு. கையில ஒரு பிஸ்கட் பாக்கெட். கைய விரிக்கப் பாத்தாங்க, முடியல. அதோடதான் பொதைச்சோம்."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. பக்கத்து வீட்டுச் செய்தியைச் சொல்வதைப் போலச் சொன்னாள். கேபினட்டுக்குள் ஃபேன் இரையத் தொடங்கியது. பெட்டி ஏதோ சொல்ல வந்தது. "இல்" என்ற இடத்தில் குரல் சிக்கி, அந்த ஒரே ஒலியாக நீண்டுகொண்டே போயிற்று. பச்சைக் கோடு நடுங்கி, நேராகி, திரை நீலமானது. பிறகு எல்லாம் நின்றது.

வசந்தாமணி டிபன் பாக்ஸைத் திறந்து, தயிர் சாதத்தைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

கிருபாகரன் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான். அவள் திடுக்கிடவில்லை. வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டுத்தான் பேசினாள்.

"கேட்டுட்டீங்களா?"

"கேட்டேன்."

"இதுக்கப்பறம்தான் எனக்குச் சோறு எறங்குது தம்பி."

"ஏனுங்க இப்படி? அவங்களுக்கு ஒண்ணும் தெரியாதே."

"தெரியாதுதான. அதுதான எனக்கு எரியுது." அவள் கையில் சோற்றோடு அவனைப் பார்த்தாள். "சித்திரையில ஒரு நாள் வண்டிச் சீட்டுங்களைக் குடுக்க இங்க வந்தேன். எங்க தெருப் புள்ளைங்கெல்லாம் பத்தாவது பரிட்சை முடிச்சுட்டு வருதுங்க, அந்த நேரம். உள்ள சிரிப்புச் சத்தம். என்ற சிரிப்பு. எம் புள்ள பத்தாவது எழுதியிருக்குதுன்னு சிரிக்கறா. நான் சிரிச்சுப் பத்து வருசமாச்சு. அன்னைக்கு வேலை வேலைன்னு இங்க வந்து உக்காந்தவ அவ. அவ சிரிப்பா, நான் சுடுகாட்டுப் பக்கம் போகப் பயந்துக்கிட்டுச் சுத்திப் போகோணுமா?"

"மறுபடி எந்திரிச்சா மறந்துருவாங்களே. எத்தனை தடவை சொல்லியும் என்ன புண்ணியம்?"

"அதனாலதான் தெனமும் சொல்றேன்" என்றாள்.

முதலாளியிடம் சொல்ல வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் சொல்லாமல் இருந்திருப்பானோ என்னவோ. ஐந்தாவது தடவையும் பெட்டி அணைந்தால் பழி தன் தலையில்தான் விழும் என்பது அவனுக்குத் தெரியும். நேராக மாடிக்குப் போய்ச் செங்கோட்டுவேலுவிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

"அட, இவ்வளவுதானா" என்றார் அவர். அவர் முகத்தில் நிம்மதிகூடத் தெரிந்தது. "நானு பெட்டிதான் சாகப் போகுதோன்னு பயந்துட்டேன்."

"அந்தம்மாவை அந்த அறைக்குப் போக வேண்டாம்னு சொல்லிட்டா போதுங்க."

"சொல்ல முடியாது தம்பி. வருசா வருசம் தாலுக்கா ஆபீசுக்கு வந்து, என்ற பதிவு ஓடட்டும்னு அவ கைரேகை வெக்கோணும். வெக்கலைன்னா அன்னைக்கே பெட்டியத் தூக்கிட்டுப் போயிருவாங்க. அவளை எப்படிப் பகைச்சுக்கறது? திட்டட்டும். தன்னைத்தான திட்டிக்கறா. எடது கையில வலது கையக் கிள்ளிக்கிட்டா கேசு போடுவாங்களா?"

"உள்ள இருக்கிறவங்களுக்கு வலிக்குதுங்க. சூடு ஏறறதே அந்த வலியிலதான்."

"வலிச்சா வலிக்கட்டும். அணையக் கூடாது." செங்கோட்டுவேலு முன்னால் சாய்ந்தார். "எவ்வளவு அழுதாலும் சூட்டைத் தாங்கற மாதிரி பண்ண முடியுமா, முடியாதா? அதைச் சொல்லுங்க."

முடியும். கேம் விளையாடும் பையன்கள் மாட்டுகிற, தண்ணீர் ஓடும் கூலர் ஒன்று இருக்கிறது. கேபினட்டின் பக்கத் தகட்டை அறுத்தால் இந்தப் பெட்டிக்கும் மாட்டலாம். முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதைச் சோதித்துப் பார்க்க அந்த ஊரில் ஆள் கிடையாது. கிருபாகரன் அன்று இரவு வீட்டில் படுத்துக்கொண்டு இதை நினைத்துப் பார்த்தான். ஆனால் மத்தியானம் மாடியில் நின்றபோது அவன் வாயில் வந்தது, "பண்ணிரலாங்க" என்பதுதான்.

மூன்றாம் நாள் கூலரோடு வந்தான். மைக்கைப் பிடுங்கிவிட்டு, தகட்டை அறுத்து, பிராசஸர் மேல் செம்பு வட்டைப் பொருத்தி, குழாய்களை இழுத்து, பெரிய ரேடியேட்டரைச் சுவரில் அறைந்தான். கரண்ட் போனாலும் ஆபத்தில்லாதபடி ஜெனரேட்டர் லைனையும் கொண்டுவந்து சேர்த்தான். இன்னும் ஒரு நாள் இருந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்றார் செங்கோட்டுவேலு. வசந்தாமணியிடமும் அவரே சொல்லிவிட்டார் போலிருக்கிறது, ஒளிவுமறைவு வேண்டாம் என்று. சாப்பாட்டு நேரத்தில் அவள் வந்தபோது கிருபாகரன் அறை மூலையில்தான் உட்கார்ந்திருந்தான். ஒரு பார்வை பார்த்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அதே பேச்சு. அதே பத்தாவது, அதே சடை. அதே ஆட்டோ, அதே பிஸ்கட் பாக்கெட்.

சூடு ஏறியது. குழாயில் தண்ணீர் விறுவிறுவென்று ஓடும் சத்தம் கேட்டது. கருவியில் ஏறிக்கொண்டே போன எண் ஓரிடத்தில் தயங்கி நின்றது. பிறகு கொஞ்சம் இறங்கியது.

குரல் இந்த முறை சிக்கிக்கொள்ளவில்லை. அழுகை அழுகையாகவே வெளியே வந்தது. முதலில் இல்லை இல்லை என்றது. அப்புறம் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. அப்புறம் சொல்லே இல்லாமல், மாட்டுத் தொழுவத்திலிருந்து வருவதைப் போன்ற ஓசையாக வந்துகொண்டே இருந்தது. வசந்தாமணி டிபன் பாக்ஸ் மூடியில் கை வைத்தபடி காத்திருந்தாள். நிற்கும் என்று நினைத்தாள். நிற்கவில்லை. அவள் முகத்தில் மெல்ல மெல்ல ஒரு பயம் பரவுவதைக் கிருபாகரன் பார்த்தான். பத்து வருடத்துக்கு முன்னால் தான் அழுத அழுகையை எந்த மனிதரும் வெளியிலிருந்து கேட்டதில்லை. அவள் எழுந்து, டிபன் பாக்ஸை எடுத்துக்கொள்ளாமலே வெளியே போய்விட்டாள்.

வெகுநேரம் கழித்து ஓசை அடங்கியது.

"யாரோ மூச்சு விடறது கேக்குது" என்றது பெட்டி. "யாருங்க?"

மைக்கைப் பிடுங்கக் கிருபாகரனின் கை போனது. பிடுங்கவில்லை.

"மெக்கானிக்குங்க."

"இதை முன்னாடியே எனக்குச் சொல்லியிருக்காளா?"

"தெனமும் சொல்லுவாங்க."

"அப்ப நான் என்ன பண்ணுவேன்?"

"சூடாகி அணைஞ்சிருவீங்க. எந்திரிச்சா ஞாபகம் இருக்காது."

"இப்ப ஏன் அணையல?"

அவன் குழாயில் ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "நாந்தான் சரி பண்ணினேன்" என்றான் கடைசியில்.

"ஓகோ" என்றது குரல்.

அதற்குள் ஆட்கள் சாப்பிட்டுத் திரும்பியிருந்தார்கள். தண்டபாணி ராய்ச்சூரிலிருந்து வந்த ஒரு போனைப் பெட்டியின் லைனில் போட்டார். டிரைவர் வண்டி காலியாக நிற்கிறது என்றான். அழுது கம்மிய குரலிலேயே பெட்டி அவனுக்குச் சொன்னது: "மில்லுக்குப் போகாத. பின்னாடி ரோட்டுல பருத்திக் குடோன் இருக்குது, அங்க போயிக் கேளு. தார்ப்பாய் நல்லாக் கட்டிக்க, வர வழியில மழை." அன்று சாயங்காலம்வரை ஒரு வண்டிகூடக் காலியாக நிற்கவில்லை. செங்கோட்டுவேலு மாடியிலிருந்து இறங்கி வந்து கிருபாகரனின் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

மறுநாள் வசந்தாமணி வரமாட்டாள் என்றுதான் அவன் நினைத்தான். வந்தாள். ஸ்டூலில் உட்காராமல் கதவோரமே நின்றாள்.

"வா" என்றது பெட்டி. "உக்காரு. நைட்டெல்லாம் யோசிச்சேன். எனக்குத் தூக்கம் கெடையாதில்ல."

அவள் உட்கார்ந்தாள்.

"நீ சொன்னதுல எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. நான் இங்கயே உக்காந்திருந்தேன்னு சொல்ற. தொப்பியக் கழட்டறேன்னு பதிவு எடுத்த பையன் சொன்னப்ப நான் கடியாரத்தைப் பாத்தேன். பதினோரு மணி. அதோட எனக்கு ஞாபகம் நின்னுருச்சு. பையக்கூட மடியிலயே வெச்சிருந்தேன். கழட்டுன உடனே எந்திரிச்சு ஓடோணும், பாப்பாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகோணும்னுதான் நெனைச்சுக்கிட்டிருந்தேன். பஸ்ஸுக்குச் சில்லறைகூட எடுத்துக் கையில புடிச்சிருந்தேன். அதுக்கப்பறம் இருந்தது நானில்ல. நீ. மத்தியானத்துக்கு மேலதான ஜன்னி வந்துச்சுங்கற. பதினோரு மணிலேர்ந்து நீ எங்க போன?"

வசந்தாமணி கிருபாகரனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் போய்விடலாம் என்று எழுந்தான். ஆனால் போகவில்லை.

"சொல்லு" என்றது பெட்டி.

"பக்கத்து ஹால்ல சேரு போட்டிருந்தாங்க" என்றாள் வசந்தாமணி. "எனக்குத் தெரியாது, முன்னாடி சொல்லல. மொதலாளி, அவர் சம்சாரம், லாரி சங்கத்துக்காரங்க எல்லாரும் வந்திருந்தாங்க. இந்த ஊர்லயே மொதல் பதிவு இவங்கதான்னு மைக்குல பேசுனாங்க. சால்வை போத்துனாங்க. போட்டோ எடுத்தாங்க."

"அதுக்கு எவ்வளவு நேரம் ஆயிருக்கும்?"

"அப்பறம் எலை போட்டாங்க. மொத பந்தியில மொதலாளி சம்சாரத்துக்குப் பக்கத்துல உக்கார வெச்சாங்க. போன் பையில கெடந்துச்சு. போட்டோ எடுக்கறப்ப சத்தத்தை அமுக்கி வெச்சது. ராஜாத்தி அக்கா கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்கறா."

"போகோணும்னு உனக்குத் தோணவே இல்லியா?"

"தோணுச்சு. ஆனா எனக்கு ஆரும் அப்படியெல்லாம் பண்ணதில்ல. நல்லா இருந்துச்சு. இன்னொரு பத்து நிமிசம், இன்னொரு பத்து நிமிசம்னு உக்காந்துட்டேன்."

எண் ஏறும் என்று கிருபாகரன் பார்த்தான். தண்ணீர் ஓடும் சத்தம் கொஞ்சம் கூடியது, அவ்வளவுதான்.

"அவருக்கு இது தெரியுமா?" என்றது பெட்டி. கணவனைக் கேட்கிறது.

"தெரியாது. பதிவு எடுத்து முடிக்க நாலு மணியாயிருச்சு, எந்திரிக்க விடலைன்னு சொன்னேன். ஊட்டுல எல்லாருக்கும் அதேதான் சொன்னேன். உனக்கும் அதைத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்."

அவள் சட்டென்று எழுந்து பெட்டிக்குப் பின்னால் கையை விட்டாள். மெயின் சுவிட்ச் அங்கேதான் இருந்தது. விரல் அதன்மேல் பட்டுவிட்டது. தடுக்க வேண்டியவன் கிருபாகரன். அவன் தடுக்கவில்லை, அழுத்தட்டும் என்றுதான் நின்றான்.

"அமுக்கு" என்றது பெட்டி நிதானமாக. "எனக்கு எல்லாம் மறந்துரும். காலைல எந்திரிச்சுச் சிரிப்பேன். உனக்கு மறக்காது. இதை வேற ஆருகிட்டயாச்சும் சொல்லியிருக்கியா?"

"இல்ல."

"இனிச் சொல்லுவியா?"

விரல் சுவிட்சின் மேலேயே இருந்தது. வெளியே ஒரு லாரி பின்னால் வந்துகொண்டிருந்தது. கிளீனர் பாடியைத் தட்டித் தட்டி வழி சொல்லிக்கொண்டிருந்தான். அது நின்று, என்ஜின் அணைந்த பிறகு வசந்தாமணி கையை வெளியே எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"செரி" என்றது பெட்டி. "நாளைக்கு வா."

ஐப்பசியில் கூலருக்குத் தண்ணீர் மாற்றக் கிருபாகரன் மறுபடி நாமக்கல்லுக்கு வந்தான். கேட்டைத் திறந்துவிட்டவளை முதலில் அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. தோள் எலும்பு ரவிக்கைக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தது.

"தெனமும் போறீங்களா?" என்று கேட்டான்.

"போகாம?"

"என்ன கேக்கறாங்க?"

"அன்னைக்கு நடந்ததைத்தான். ஒவ்வொரு நாளைக்கு ஒவ்வொண்ணு. எனக்கே மறந்துபோனதெல்லாம் தோண்டித் தோண்டிக் கேக்கறா. பொய் சொன்னா உடனே கண்டுபுடிச்சிருவா. என்ற குரல்தான."

அவன் சுற்றும்முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "இந்த வருசம் கைரேகை வெக்காம விட்டுருங்கக்கா. ஒரே நாள்ல முடிஞ்சிரும். ரெண்டு பேருக்கும்."

"வெச்சுட்டேன் தம்பி. போன வாரம்தான் தாலுக்கா ஆபீசுக்குப் போயிட்டு வந்தேன்."

"ஏனுங்க?"

அவள் அவனை, ஒன்றும் தெரியாதவனைப் பார்ப்பதைப் போலப் பார்த்தாள். "ஊட்டுல அவர் எங்கூடப் பேசறதில்ல. ராஜாத்தி அக்காளும் ஊரை விட்டுப் போயிட்டாங்க. என்ற புள்ள பேரைச் சொல்றதுக்கு வேற ஆரு இருக்கறா?"

பெட்டி கோடை முடிந்ததிலிருந்து ஒருநாள்கூட அணையவில்லை என்று தண்டபாணி பெருமையாகச் சொன்னார். காலையில் சொல்ல வேண்டிய பொய்யும் மிச்சம். கிருபாகரன் குழாயைக் கழற்றாமலே தண்ணீரை மாற்றினான். நிறுத்தக் கூடாது என்று முதலாளி உத்தரவு. வேலை முடிவதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. ஆட்கள் வெளியே போனார்கள். வசந்தாமணி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவன் இருப்பதை இரண்டு பேருமே பொருட்படுத்தவில்லை.

"நேத்து எலை போட்டதோட நிறுத்துனோம்" என்றது பெட்டி. "இனிப்பு என்ன வெச்சாங்க?"

"ஜாங்கிரி."

"எத்தனை தின்ன?"

"ஒண்ணு."

"எத்தனை தின்ன?"

"ரெண்டு. ரெண்டாவது கேட்டு வாங்கினேன்."

"அந்த நேரத்துக்குப் பாப்பா எப்படி இருந்துச்சுன்னு ராஜாத்தி அக்கா சொன்னா?"

வசந்தாமணி சொல்லத் தொடங்கினாள். பாதியில் முடியாமல் போயிற்று. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். பெட்டி அவசரப்படுத்தாமல் காத்திருந்தது. கிருபாகரன் கருவியை எடுத்து அளவைப் பார்த்தான். காலையில் இருந்த எண்ணேதான் இருந்தது. ஒரு புள்ளிகூட ஏறவில்லை.

"தண்ணி குடிச்சுக்க" என்றது பெட்டி. "குடிச்சுட்டு மொதல்லேர்ந்து சொல்லு."

கிருபாகரன் திருப்புளிகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். ஏ.சி.யின் குளிர் வெளியே போய்விடாமல் கதவை இழுத்து நன்றாகச் சாத்தினான்.